கீழத்தெருச் சாவிகள்

பாபநாசத்திலிருந்து நாலு மைல் உள்ளே, குடமுருட்டி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது பூந்தாழங்குடி. 1983 ஆடி மாதம் அங்கே பால்வாடி டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆனந்தவல்லி என்ற என் பெயரை அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. முதல் நாளிலிருந்தே டீச்சர்தான். எனக்கு ஆயாவாகப் போட்டிருந்தவர் பெயர் அம்சம். முப்பத்தைந்து வயது, விதவை, ஒன்பது வயதில் தங்கம்மாள் என்று ஒரு மகள். கொஞ்ச நாளில் அவர் எனக்கு அம்சக்கா ஆகிவிட்டார்.

பால்வாடி இருந்தது கீழத்தெருவின் நடுவில். அறுவடைக்கும் நடவுக்கும் போகிற கூலிக்காரர்களின் தெரு. நாற்பது குடிசைகள், ஒன்றுக்கும் கதவு கிடையாது. மூங்கிலில் கட்டிய படலைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்புகிறார்களே என்று முதல் வாரம் நான் வீட்டில் பெருமையாகப் பேசினேன். எங்கள் பாபநாசத்து வீட்டில் கொல்லைக்கு இரண்டு தாழ்ப்பாள்.

நான் நினைத்தது தப்பு. படலுக்குப் பின்னால் அரிசிப் பானை இருந்த இடம் அந்தந்த வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். விறகுக் கட்டுக்கு அடியில் ஒருத்தி வைப்பாள், குழிதோண்டி ஒருத்தி வைப்பாள். உப்பு கேட்டு யாரும் அடுத்த வீட்டுக்குப் போவதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், இருந்தாலும். கல்நெஞ்சு ஒன்றும் இல்லை. கொடுத்தது திரும்பாவிட்டால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியாது. கைக்கும் வாய்க்குமாக ஓடிய பிழைப்பு அது.

பால்வாடியில் எனக்கு வேறொரு சிக்கல் வந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் மத்தியானம் வயலிலிருந்து ஓடி வந்தார்கள்.

“புள்ளைங்க இங்க இருக்கட்டும் டீச்சர். சோறு மட்டும் நாங்க வந்து ஊட்டிக்கிறோம்.”

“எதுக்கு இவ்வளவு தூரம் ஓடி வர்றீங்க? ஆயா ஊட்டுவாங்களே.”

“அந்தக் கை வேணாம்” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சோறு வடித்துக்கொண்டிருந்த அம்சக்கா திரும்பவில்லை. நாலைந்து நாள் கழித்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“என்னை மாத்தச் சொல்லி ஆபீசுக்கு எழுதிடுங்க டீச்சர். எனக்காகப் புள்ளைங்க காஞ்சு கெடக்க வேணாம்.”

“என்ன விஷயம்னு சொல்லுங்க. அப்புறம் எழுதறதா வேணாமான்னு பார்க்கலாம்.”

அன்றுதான் சொன்னார்.

1972 தை மாதம். அறுப்புக் கூலியில் கலம் நெல்லுக்கு அரைப்படி கூடக் கேட்டுக் கீழத்தெரு வேலைக்குப் போகவில்லை. மேலத்தெருவில் சாரங்கபாணியும் அவர் தம்பி துரைராசுவும்தான் பெரிய நிலக்காரர்கள். அவர்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்தில் கைகலப்பு ஆனது. ஒரு வைக்கோல்போர் எரிந்தது. யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது. கீழத்தெருவில் ஆறு பேர் மேல் வழக்கு. அந்த ஆறு பேரும் ஆற்றுப் படுகையில் வாழைத்தோப்புக்குள் ஒளிந்துகொண்டார்கள். அதில் இரண்டு பேரைத்தான் இந்தக் கதைக்கு நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ரெத்தினம், தெருவில் சங்கத்தை நடத்தியவர். இன்னொருவர் அரசப்பன், அம்சக்காவின் கணவர்.

பத்து நாள் ஆனது. தெருவில் பிடி நெல் இல்லை. தோப்பில் வாழைத்தண்டைத் தின்றார்கள். பதினோராம் நாள் விடியலில் அரசப்பன், “சோத்துக்கு ஏதாச்சும் பாத்துட்டு வர்றேன்” என்று மற்ற ஐந்து பேரிடம் சொல்லிவிட்டு ஆற்றோரமாகவே நடந்து ராஜகிரிக்குப் போனார். அங்கே சேக் தாவூது ராவுத்தரின் மளிகைக் கடையில் மூட்டை இறக்கினார். கூலிக்குப் பதில் அரிசியாகக் கேட்டு வாங்கி, துண்டில் முடிந்துகொண்டு திரும்பினார்.

அவர் வந்து சேர்வதற்குள் உச்சி வெயிலில் போலீஸ் நேரே வாழைத்தோப்புக்கு வந்துவிட்டது. தேடவில்லை. இடம் தெரிந்து வந்தார்கள். ஐந்து பேரையும் பிடித்துப் போனார்கள். அவர்கள் தோப்பில் இருப்பது அந்தத் தெருவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிடிபடாத ஒரே ஆள் அரசப்பன். தோப்பில் ஆள் இல்லாததைப் பார்த்து அவர் தெருவுக்குள் நுழைந்தபோது தோளில் அரிசி முடிச்சு.

“ஊரே பட்டினி. உனக்கு மட்டும் ஏது அரிசி?” என்று கேட்டார்கள்.

அவர் சொன்னார். யாரும் நம்பவில்லை. இரண்டு மைல் நடந்து ராவுத்தர் கடையில் கேட்டுவிட்டு வரலாம். யாரும் போகவில்லை. அரிசியைத் தெருவிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குள் போனார் அரசப்பன். கொட்டிய அரிசியை மண்ணோடு வாரி, எல்லார் வீட்டிலும் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அம்சக்கா கல் பொறுக்குவதை நிறுத்தினார்.

மறுநாள் அரசப்பன் தானே ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். அவரைக் கைது என்று எழுதிக்கொண்டு, இரண்டு நாளில் ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. மற்ற ஐந்து பேரும் ஆறு மாதம் உள்ளே இருந்தார்கள். அடியில் ரெத்தினத்துக்கு இடது காது போனது. ஒருவர் வெளியே வந்த வருடமே இரத்தமாகக் கக்கிச் செத்தார். வழக்கு கடைசியில் நிற்கவில்லை. ஆனால் காட்டிக் கொடுத்தவன் என்ற பெயர் அரசப்பன் மேல் நின்றுவிட்டது.

யாரும் அவரை அடிக்கவில்லை, தெருவை விட்டுப் போகச் சொல்லவில்லை. நடவுக் கூட்டத்தில் அம்சக்காவைச் சேர்க்கவில்லை. அடுப்புக்கு நெருப்பு தரவில்லை. 1974இல் தங்கம்மாள் பிறந்தபோது பிரசவம் பார்க்க ஒருத்தி வரவில்லை. அரசப்பனே தொப்புள்கொடி அறுத்தார். 1981இல் மஞ்சள் காமாலையில் அவர் செத்தபோது நாற்பது வயதுதான். பாடை தூக்குவதற்கு அம்சக்காவின் அண்ணன் தம்பிகள் மெலட்டூர்ப் பக்கமிருந்து வந்தார்கள். தெரு நின்று பார்த்தது. ரெத்தினத்தின் மனைவி பொன்னுத்தாய் மட்டும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

எல்லாம் கேட்டபின் நான் ஆபீசுக்கு எழுதவில்லை. சோறு ஊட்டும் வேலையை நான் செய்தேன். மற்றதெல்லாம் அவர் செய்தார். பிள்ளைகளுக்கு எந்தக் கை என்ற கணக்கு இல்லை. ஆறு மாதத்தில் பாதிப் பேர் அவர் மடியில்தான் தூங்கினார்கள்.

தெரு மாறியது அதற்கப்புறம், மெதுவாக. மனைப் பட்டா வந்தது. அரசாங்கத் தொகுப்பு வீடு வந்தது. கோயில் நிலத்தில் சிலருக்குக் குத்தகை கிடைத்தது. ரெத்தினத்தின் மகன் செல்லதுரை 1990இல் சிங்கப்பூர் போனான், கட்டட வேலைக்கு. அவன் பின்னால் ஏழெட்டுப் பையன்கள் போனார்கள். சுவர் எழும்பியது, கதவு வந்தது, கதவுக்குப் பூட்டு வந்தது. பெண்கள் லாரியில் ஏறித் தூரத்து ஊர்களுக்கு நடவுக்குப் போக ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்றரைக்கு வந்து நிற்பார்களே, சாவியை எங்கே விடுவது?

முதலில் ஒரு சாவியை அம்சக்காவிடம் கொடுத்தவள் அம்மாபேட்டையிலிருந்து புதிதாக வந்த மருமகள். அவளுக்குப் பழைய கதை தெரியாது. மாமியார்க்காரி அன்று சாயங்காலம் பதறிக்கொண்டு வந்து பீரோவைத் திறந்து பார்த்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த வாரம் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வருடத்தில் கரும்பலகைக்குப் பின்னால் ஆணி அடித்துப் பத்துப் பதினைந்து சாவி தொங்கியது. உப்பும் சர்க்கரையும் கூட வீட்டுக்கு வீடு போய் வர ஆரம்பித்தன.

“எப்படிக்கா இது? இருபது வருஷமா நம்பாதவங்க இப்ப வீட்டையே குடுத்துட்டுப் போறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் நல்லவளாயிட்டேன்னு நெனைக்கிறீங்களா? அப்பவும் இதே அம்சம்தான்” என்றார். “இப்ப ஒரு படி அரிசி தொலைஞ்சா யாரும் பட்டினி கெடக்கப் போறதில்ல டீச்சர். அதனால நம்பிப் பாக்குறாங்க.”

மேலத்தெருவில் அந்த வருடங்களில் நடந்தது வேறு. அந்தக் காலத்தில் சாரங்கபாணியும் துரைராசுவும் ஒரே பெட்டி, ஒரே சமையல் என்று இருந்தவர்களாம். விதை நெல்லிலிருந்து நகை வரை வாய்வார்த்தைதான். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் அண்ணன் தம்பி பேரில், மைத்துனர் பேரில், கணக்குப்பிள்ளை பேரில் என்று நிலத்தைப் பினாமியாகப் பிரித்து எழுதினார்கள். எழுதிய பேர்க்காரர்கள் பிறகு தங்களுடையது என்றார்கள். நான் பார்க்கும்போது ஒரே முற்றத்தின் குறுக்கே ஓர் ஆள் உயரச் சுவர் இருந்தது. அண்ணனும் தம்பியும் கும்பகோணம் கோர்ட்டுக்குத் தனித்தனி பஸ்ஸில் போனார்கள்.

1996 வைகாசியில் ரெத்தினத்துக்கு அறுபது வயது நிறைந்தது. செல்லதுரை சிங்கப்பூரிலிருந்து வந்து, அப்பா அம்மாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து வைப்பதாக ஏற்பாடு செய்தான். அந்தத் தெருவில் அதுவரை யாருக்கும் அது நடந்ததில்லை. இரண்டு வேன் பேசியிருந்தான். தெருவே கிளம்பியது.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பொன்னுத்தாய் வந்தார். கையில் வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் ஒரே வளையத்தில். அதுவரை அவர் அம்சக்காவிடம் சாவி கொடுத்ததே இல்லை. ரெத்தினம் வீட்டு ஆட்கள் கொடுப்பார்கள் என்று நாங்களும் எதிர்பார்த்ததில்லை.

“செல்லதுரைதான் அம்சத்துக்கிட்ட குடுத்துட்டு வான்னான்” என்றார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். பிறகு வளையத்தைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா, தலை சுத்துதா? தண்ணி தரட்டுமா?” என்றார் அம்சக்கா.

“அம்சம், உன் வீட்டுக்காரன் காட்டிக் குடுக்கல.”

“அது எனக்குத் தெரியும்.”

“நான்தான் குடுத்தேன்.”

நான் எழுந்தேன். அம்சக்கா என்னைப் பார்த்து, “இருங்க டீச்சர், ஒரு ஆள் கூட இருக்கட்டும்” என்றார்.

பொன்னுத்தாய் தரையைப் பார்த்தே சொன்னார். ஆறு பேரும் ஒளிந்த பத்தாம் நாள் மூன்று வயதுச் செல்லதுரைக்கு வயிற்றுப்போக்கு. கண் செருகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்குப் போய், சாரங்கபாணியின் மனைவி மங்களாம்பிகை வீட்டுக் கொல்லை வாசலில் நின்றார். அந்த அம்மாள் அதட்டவில்லை. மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்து, உப்புப் போட்ட கஞ்சி ஒரு குண்டான் கொடுத்தார். பிள்ளை குடித்து முடித்ததும் கேட்டார்.

“‘உன் புருஷன் எங்கதான் இருக்கான்? சொல்லு, எங்க வீட்டுல சொல்லிக் கேஸை எடுக்கச் சொல்றேன்’னாங்க. புள்ளைக்குச் சோறு போட்ட வாய் பொய் சொல்லுமான்னு நெனைச்சுட்டேன். வாழைத்தோப்புன்னு சொன்னேன். மறுநாளு போலீஸ் வந்துடுச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா வெட்டிப் போட்டிருப்பாங்க. இல்ல, நானும் புள்ளையும் உன் மாதிரி நிக்கணும். அந்த நேரம் பாத்து உன் வீட்டுக்காரன் அரிசியோட வந்தான்.”

அம்சக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு குனிந்து, தரையில் கிடந்த வளையத்தை எடுத்துப் பொன்னுத்தாயின் கையில் வைத்து மூடினார்.

“இதை நான் வாங்க மாட்டேன். இன்னிக்கே போய் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.”

“நாளைக்கு அறுபதாம் கல்யாணம் அம்சம். போயிட்டு வந்து சொல்லிடறேன். சத்தியம்.”

“எங்க வீட்டுக்காரருக்கு அறுபது வரலக்கா” என்றார் அம்சக்கா.

மறுநாள் காலை நான் அங்கே சீக்கிரம் போனேன். எனக்கும் வேனில் இடம் போட்டிருந்தார்கள். இரண்டு வேனும் நின்றன. ஜனங்கள் ஏறாமல் நின்றார்கள். ரெத்தினம் ஜரிகை வேட்டியோடு வீட்டிலிருந்து வெளியே வந்து, வேனைத் தாண்டி, நேரே அம்சக்கா வீட்டு வாசலுக்கு நடந்தார். காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். அன்று தெரு முழுக்கக் கேட்டது.

“அம்சம், அந்த அரிசி எங்க வாங்குனது?”

அம்சக்கா வெளியே வந்தார். “ராஜகிரியில. சேக் தாவூது ராவுத்தர் கடையில மூட்டை எறக்கி வாங்குனது.”

“நான் செயில்லேர்ந்து வந்தப்பவும் அவன் அதைத்தான் சொன்னான். போய்க் கேட்டுட்டு வரச் சொன்னான். நான் போகல.” துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “நான்தான் போகல. ஆறு பேரும் ஒண்ணாக் கெடந்தோம் தோப்புல. அவன் எங்களுக்காகத்தான் சோத்துக்குப் போனான்.”

பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, காட்டிக் கொடுத்தது தன் வீட்டில் என்று சொன்னார். பெயரைச் சொன்னார். எதற்காக என்பதையும் சொன்னார். செல்லதுரை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்தது அவன்தான்.

யாரோ ஒரு பெரியவர், “இப்ப என்ன பண்றது ரெத்தினம்? போறதா, வேணாமா?” என்றார்.

“அன்னிக்கு இது தெரிஞ்சிருந்தா அவளை வெட்டியிருப்பேன். இன்னிக்கு சோறு தின்னுட்டு ஒக்காந்து யோசிக்க முடியுது” என்றார் ரெத்தினம். “ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். ஏறுங்க எல்லாரும்.”

அம்சக்காவையும் கூப்பிட்டார். “நான் வரல மாமா. நீங்க போயிட்டு வாங்க” என்றார் அக்கா. மடியிலிருந்து சாவி வளையத்தை எடுத்து ரெத்தினமே நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டார்.

நான் வேனில் போனேன். அபிராமி சந்நிதியில் ரெத்தினம் மனைவியின் கழுத்தில் தாலி கட்டினார். முகத்தைப் பார்க்காமல்தான் கட்டினார். ஊர் திரும்பி மூன்று மாதம் அவர் பொன்னுத்தாயோடு பேசவில்லை என்று பேச்சு. ஆனால் பொன்னுத்தாய் சமைத்ததைச் சாப்பிட்டார்.

தெருவில் பொன்னுத்தாயை யாரும் தள்ளி வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று சிலர் பேசினார்கள். பேச்சோடு போயிற்று. சிறையிலிருந்து வந்து செத்தவரின் மனைவி மட்டும் அந்த வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவேயில்லை. அம்சக்காவும் இரண்டு வருடம் பொன்னுத்தாயிடம் முகம் கொடுக்கவில்லை.

“அவங்க புள்ளைக்காகச் சொன்னது எனக்குப் புரியுது டீச்சர். சொன்னதுக்குக் கோவம் இல்ல. பத்து வருஷம் அந்த மனுசன் நெருப்பில்லாம, பேச்சில்லாம கெடந்ததைப் பக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தாங்களே, அதுதான்” என்றார் ஒருதரம். பிறகு பொன்னுத்தாய்க்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது போய்ப் பத்து நாள் கூட இருந்தார். சமாதானம் ஆயிற்றா என்று நான் கேட்கவில்லை.

சங்கத்துக் கொடிமரத்தின் அடிக்கல்லில் சிறை போன ஐந்து பேர் பெயர் செதுக்கியிருந்தது. அடுத்த மே தினத்துக்கு ரெத்தினம் ஆறாவது பெயரைச் செதுக்க வைத்தார். இடம் போதாமல் அரசப்பன் என்ற எழுத்துகள் மற்றதைவிடச் சிறியதாக இருக்கும்.

தங்கம்மாள் நர்ஸ் படித்துத் தஞ்சாவூரில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்கு உள்ளே புதிதாக வந்த ஒரு நகரில் வீடு கட்டினார்கள். 2008இல் அம்சக்கா ஓய்வு பெற்றதும் அங்கே போய்விட்டார். எல்லாம் மாடி வீடு, காம்பவுண்டு சுவர், வாசலில் கார். ஒரு மாதத்தில் எனக்குப் போன் செய்தார். குரலில் ஆச்சரியம்.

“டீச்சர், இங்க வந்த மூணாம் நாளே எதிர்வீட்டு டாக்டரம்மா ரெண்டு வயசுப் புள்ளையை எங்கிட்ட விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பேங்க்காரம்மாவும் விடறாங்க. நான் யாரு, என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. எப்படி இப்படி நம்புறாங்க?”

“நல்லதுதானேக்கா.”

“நல்லதுதான். கீழத்தெருவுல ஒரு சாவிக்கு எனக்கு இருபது வருஷம் ஆச்சு.”

நாலு மாதம் கழித்து நான் போயிருந்தபோது ஒரு பிள்ளைதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அக்கா சொல்லியிருக்கிறார். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார். அதையும் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம் அந்தப் பிள்ளையைத் தனியார் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்களாம், இங்கிலீஷ் வருவதற்காக.

“பொய் சொல்லியிருக்கலாம்ல?” என்றாள் தங்கம்மாள், கோபமாக.

“எதுக்குடி? கேட்டாங்க, சொன்னேன்” என்றார் அக்கா.

எதிர்வீட்டு டாக்டரம்மாவுக்கும் தெருவின் பெயர் தெரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து, பால் பாட்டிலையும் மாற்று உடுப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் போயிருந்த அன்று அந்தப் பிள்ளைக்குச் சளி. அம்சக்கா என்னிடம் அதிகம் பேசவில்லை. ஓமம் வறுத்துத் துணியில் முடிந்து அதன் நெஞ்சில் ஒத்திக்கொண்டிருந்தார். “காப்பி தங்கம்மா போட்டுத் தருவா, உக்காருங்க டீச்சர், இது தூங்கிடட்டும்” என்றார்.